இருட்டை முதலில் வாங்குங்கள்

நம் சங்க அன்பர்கள் யாராவது புது வீட்டுக்குக் குடிபோனால், முன்பெல்லாம் பால் காய்ச்சிய கையோடு என்னிடம் கேட்பது இன்வர்ட்டர் பற்றியதாக இருக்கும். இப்போது புரொஜெக்டர். "சார், ஹாலில் நூறு இஞ்ச் படம் தெரியணும், பட்ஜெட் இருபதாயிரத்துக்குள்ளே, எது வாங்கலாம்?" என்கிறார்கள். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். டிப்ளமோ படிப்புதான். ஆனால் விளக்கு, லென்ஸ், வெளிச்சம் இவற்றோடுதான் என் உத்தியோகம் முழுவதும் கழிந்தது. அந்த உரிமையில் ஓர் அபிப்பிராயம் சொல்கிறேன். முதலில் இருட்டை வாங்குங்கள். பிறகு சத்தத்தை வாங்குங்கள். மிச்சமிருக்கும் பணத்துக்குப் புரொஜெக்டர் வாங்குங்கள். கடைக்காரர் இந்த வரிசையைச் சொல்ல மாட்டார். அவரிடம் இருட்டு ஸ்டாக்கில் இல்லை.

ஏன் இந்த ஆசை என்று நான் யாரையும் கேட்பதில்லை. கடக்வாஸ்லாவில் குடியிருப்பவனுக்கு அது சொல்லாமலே தெரியும். பெரிய நட்சத்திரத்தின் படம் என்றால் முதல் நாளே புனேக்கு வந்துவிடுகிறது. மற்றவை வந்தால் ஊரின் இன்னொரு கோடியில் ஏதாவது ஒரு மல்டிபிளெக்ஸில் ஒரே ஒரு காட்சி, அதுவும் இரவு பத்தரைக்கு. ஞாயிற்றுக்கிழமை என்றால் அணைக்கரையில் சுட்ட சோளக்கதிரும் வெங்காய பஜ்ஜியும் தின்ன வரும் கார்கள் சிங்ககட் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும். முழங்கால் வலிக்கிற அம்மாவை ஏற்றிக்கொண்டு அந்தக் கூட்டத்தில் போய், நாலு டிக்கெட், பாப்கார்ன், பெட்ரோல், பார்க்கிங் என்று செலவழித்து, நடுநிசிக்குமேல் வீடு திரும்ப எத்தனை பேரால் முடியும்?

சரி, வீட்டிலேயே பார்க்கலாம் என்றால், அப்பா ஒரு போனில், பிள்ளை ஒரு போனில், ஆளுக்கொரு ஒயர் காதில். நடுவில் "அது யாரு தாத்தா? ஏன் அழறாங்க?" என்று கேட்க ஆள் இல்லை. இங்கே பிறந்து வளர்ந்த நம் பேரன் பேத்திகளில் பலருக்குத் தமிழ் காதுவழியாக வந்த பாஷை. வீட்டில் பேசுவதைக் கேட்டுக் கேட்டு வந்தது. எழுத்துக் கூட்டிப் படிப்பது அப்புறம்தான், சிலருக்கு அதுவும் இல்லை. ஒரே திரையை நாலு பேர் பார்த்து, ஒருவர் சொல்லி ஒருவர் சிரிக்கும்போது பத்துச் சொல்லாவது புதிதாக அவர்கள் காதில் விழுகிறது. என்னைப் பொறுத்தவரை புரொஜெக்டருக்கு அதுதான் நியாயம். நூறு இஞ்ச் என்ற பெருமை இல்லை.

நம்மவர்களில் மிக முன்னாலேயே புரொஜெக்டர் வாங்கியவர் ஒரு ரயில்வேக்காரர் என்பது எனக்குக் கொஞ்சம் கர்வமான விஷயம். சுவாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் டிராஃப்ட்ஸ்மேன். 1905-ல் டூபான் என்ற பிரெஞ்சுக்காரர் படம் காட்டிக்கொண்டே திருச்சிக்கு வந்தவர், உடம்பு முடியாமல் ஊர் திரும்ப நினைத்தார். அவரிடமிருந்த புரொஜெக்டரையும் சில மௌனப் படங்களையும் வின்சென்ட் விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டு, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டக் கிளம்பினார். 1914-ல் கோயமுத்தூரில் வெரைட்டி ஹால் என்று நிரந்தரத் தியேட்டரே கட்டினார். அந்தத் தெருவுக்கு இன்றைக்கும் வெரைட்டி ஹால் ரோடு என்றுதான் பெயர். இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். அவர் வாங்கியது செகண்ட் ஹேண்ட். மெஷினோடு கூடாரத்தையும் சுமந்துகொண்டு போனார். கூடாரம் இல்லாமல் அந்த மெஷின் எதற்கு ஆகும்?

(படம் என்று பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை. புனேயில் இருக்கும் நமக்கு இந்த விஷயத்தில் அன்னிய ஊர் என்ற கூச்சம் வேண்டாம். 1933-ல் கோலாப்பூரிலிருந்து இங்கே வந்த பிரபாத் கம்பெனி 'சீதா கல்யாணம்' என்று தமிழிலும் ஒரு படம் எடுத்தது. அவர்களுடைய ஸ்டூடியோ இடத்தில்தான் 1960-ல் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் வந்தது.)

இப்போது நடந்த ஒரு விஷயம் சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் குடியிருப்பில் ஒரு குடும்பம். பையன் சாப்ட்வேர். மருமகள் மராட்டிப் பெண், தமிழ் ஓரளவு புரியும். அம்மா மன்னார்குடிப் பக்கம், எண்பது வயது தாண்டியவர், இரண்டு கண்ணிலும் லென்ஸ் வைத்தாகிவிட்டது. போனில் படம் தெரிவதில்லை, தியேட்டர் படி ஏற முடியாது. அவருக்காகவே பையன் பதின்மூன்றாயிரம் ரூபாய்க்கு ஒரு புரொஜெக்டர் வரவழைத்தார். டப்பாவின்மேல் "9000 லூமென், 4கே" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஜன்னல் திரை பாதி விலகியிருக்க, நூறு இஞ்சுக்குப் படம் போட்டார்கள். அம்மா பத்து நிமிடம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குப்பா. நான் செத்த படுத்துக்கறேனே" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

பையன் என்னிடம் வந்தார். "சார், ஒன்பதாயிரம் லூமென்னு போட்டிருக்கான். அப்படியும் ஏன் சார் மங்கலா இருக்கு?"

லூமென் என்பது விளக்கு வெளியே விடும் வெளிச்சத்தின் மொத்த அளவு. நம் வீட்டில் எரியும் 9 வாட் எல்.இ.டி. பல்பு சுமார் 900 லூமென் கொடுக்கிறது. அதாவது வாட்டுக்கு நூறு. அந்தப் புரொஜெக்டர் இழுக்கும் மொத்தக் கரண்டே 60 வாட்டுக்குள். அதில் மின்விசிறிக்கும் மற்றதற்கும் போக மிச்சம்தான் விளக்குக்கு. விளக்கு முழுதாக ஆறாயிரம் லூமென் கொடுத்தாலும், அது நடுவில் ஓர் எல்.சி.டி. கண்ணாடியைத் தாண்டி வர வேண்டும். அதிலுள்ள போலரைசர் பாதிக்கு மேல் தின்றுவிடும். சிவப்பு, பச்சை, நீலம் என்ற வர்ண வடிகட்டிகள் மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தின்றுவிடும். லென்ஸுக்குள் நுழையாமல் பக்கவாட்டில் சிதறுவது வேறு. கடைசியில் சுவருக்கு வந்து சேருவது நூற்றுக்குச் சில. ஆகவே டப்பாவில் ஒன்பதாயிரம் என்று போட்டவர் எதை அளந்து போட்டார் என்று கேட்டுப் பயனில்லை. எதையும் அளக்கவில்லை என்பதுதான் என் துணிபு.

அளப்பதற்கு முறை இருக்கிறது. ஆன்சி லூமென் என்பார்கள். அமெரிக்கத் தரக் கழகம் 1992-ல் வகுத்தது. வெள்ளைப் படம் ஒன்றைச் சுவரில் போட்டு, அதை மூன்றுக்கு மூன்று என்று ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று லக்ஸ் மீட்டரால் பார்த்து, சராசரி எடுத்து, படத்தின் பரப்பால் பெருக்க வேண்டும். நான் அந்த வீட்டில் இரவில் இதைச் செய்தேன். சராசரி 60 லக்ஸ். நூறு இஞ்ச் படத்தின் பரப்பு இரண்டே முக்கால் சதுர மீட்டர். பெருக்கினால் 165 லூமென்.

மத்தியானம் அதே சுவரில், படம் போடாமலே, ஜன்னல் வழியாக 80 லக்ஸ் விழுந்துகொண்டிருந்தது. இதை யோசித்துப் பாருங்கள். புரொஜெக்டர் கறுப்பு நிறத்தைப் போட முடியாது. கறுப்பு என்பது அது வெளிச்சம் விடாத இடம், அவ்வளவுதான். சுவரில் ஏற்கெனவே 80 லக்ஸ் இருந்தால், அந்த வீட்டில் கறுப்பு என்பது 80, வெள்ளை என்பது 140. கறுப்புக்கும் வெள்ளைக்கும் இரண்டு மடங்குகூட வித்தியாசம் இல்லை. கதாநாயகியின் தலைமுடிக்கும் பின்னால் இருக்கும் சுவருக்கும் அந்த அம்மா எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பார்? கண்ணில் கோளாறு என்று அவரே நினைத்துக்கொண்டு எழுந்து போயிருக்கிறார். எனக்கு மனசு கஷ்டப்பட்டது அங்கேதான்.

சிக்னலில் இது எங்களுக்குப் பாலபாடம். பகல் வெயிலில் சிவப்பு விளக்கு டிரைவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதற்குப் பெரிய பல்பு போட மாட்டோம். லென்ஸின்மேல் நீளமாக ஒரு ஹூட் மாட்டி, வெயில் விழாமல் மறைப்போம். இருட்டைச் செய்து கொடுத்தால் சின்ன விளக்கு போதும்.

அந்த வீட்டிலும் அதையே செய்தோம். ஜன்னலுக்கும் பால்கனிக் கதவுக்கும் வெளிச்சம் புகாத துணியில் திரை. லட்சுமி ரோட்டில் துணி வாங்கி, தெருமுனைத் தையற்காரரிடம் தைத்து, மொத்தம் ஆயிரத்து நானூறு ரூபாய். புரொஜெக்டரை முன்னால் நகர்த்திப் படத்தை 65 இஞ்ச்சாகச் சுருக்கினோம். 65 இஞ்ச்சுக்குப் பரப்பு பன்னிரண்டரை சதுர அடி. 165 லூமெனை அதில் பரப்பினால் சதுர அடிக்கு 13 லூமென். நல்ல சினிமாத் தியேட்டரின் திரையில் இருப்பதே 14 முதல் 16 வரைதான்! அன்று மாலை அந்த அம்மா 'தில்லானா மோகனாம்பாள்' முழுதும் பார்த்தார். மருமகள் நடுநடுவே கேட்க, இவர் விளக்கம் சொல்ல, படத்தைவிட விளக்கம் நீளமாகப் போயிற்று என்று பையன் சொன்னார்.

இதே கணக்கை நீங்களும் போடலாம். 80 இஞ்ச் படம் 19 சதுர அடி, அதற்கு 300 லூமென் போதும். நூறு இஞ்ச் 30 சதுர அடி, 480 லூமென். 120 இஞ்ச் 43 சதுர அடி, கிட்டத்தட்ட 700. எல்லாம் உண்மை லூமென், முழு இருட்டில். கொஞ்சம் வெளிச்சம் இருந்தே தீரும் என்பவர்கள் இதை மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள், பணத்தையும் சேர்த்து. எதை மூடினாலும் ஹாலை இருட்டாக்க முடியாது, கிரிக்கெட்டும் சீரியலும் பகலில்தான் பார்ப்போம் என்றால், தயவுசெய்து டி.வி. வாங்குங்கள். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

இனி மெஷின். சந்தையில் இருப்பதை மூன்று வகையாகப் பார்க்கலாம். மேலே சொன்ன ஒற்றை எல்.சி.டி. வகை ஒன்று. இருபதாயிரத்துக்குக் கீழே புதிதாகக் கிடைப்பது அநேகமாக எல்லாம் இதுதான். எடுத்த எடுப்பில் மட்டம் என்று தள்ள மாட்டேன். ஆன்சி என்று வெளிப்படையாக எண் போட்டவன், வேண்டாமென்றால் ஒரு வாரத்துக்குள் திருப்பி எடுத்துக்கொள்பவன், உள்ளே தூசி புகாதபடி மூடிய வகை, இந்த மூன்றும் இருந்தால் 70, 80 இஞ்சுக்கு மோசமில்லை. இன்னொரு விஷயம், தெளிவு. "1080பி சப்போர்ட்" என்றால் அந்த அளவுப் படத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்று பொருள். உள்ளே இருக்கும் கண்ணாடி அதைவிட மிகக் குறைந்த புள்ளிகள் கொண்டதாக இருக்கலாம். "நேட்டிவ்" எவ்வளவு என்று கேளுங்கள். அந்தச் சொல் டப்பாவில் இல்லாவிட்டால் பதிலும் நல்லதாக இருக்காது. 4கே பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம். நாம் பார்க்கிற பழைய படங்களில் பாதி, யாரோ வீடியோ கேசட்டிலிருந்து எடுத்துப் போட்டது. அதற்கு 4கே என்பது கேழ்வரகுக் கூழுக்கு வெள்ளிக் கிண்ணம்.

இரண்டாவது டி.எல்.பி. ஆயிரக்கணக்கில் இல்லை, லட்சக்கணக்கில் நுணுக்கமான கண்ணாடிகள் ஒரு சில்லின்மேல் நின்று ஒவ்வொன்றும் தனித்தனியே சாய்ந்து ஒளியைத் திருப்புகின்றன. 1987-ல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸில் லாரி ஹார்ன்பெக் கண்டுபிடித்தது. கறுப்பு நன்றாக இருக்கும். ஆனால் வர்ணங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுவதால், கண்ணை வேகமாகத் திருப்பினால் சிலருக்கு வானவில் மாதிரி ஒரு கீற்று தெரியும், தலைவலிக்கும். வீட்டில் எல்லாரும் பத்து நிமிடம் பார்த்துவிட்டு வாங்குவது உத்தமம். மூன்றாவது, மூன்று எல்.சி.டி. கண்ணாடி உள்ள வகை. வர்ணம் இதமாக இருக்கும், வானவில் கிடையாது. பின்னிரண்டும் நல்ல கம்பெனியில் புதிதாக வாங்கினால் இருபதாயிரத்தில் நடக்காது, இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் புரொஜெக்டருக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. பழைய விலையையே சொல்கிறவர்களிடம் அதை ஞாபகப்படுத்துங்கள்.

எனவே என் சிபாரிசு வின்சென்ட் வழி. ஆபீஸ்கள் கழித்துக் கட்டும் மீட்டிங் ரூம் புரொஜெக்டர். இரண்டும் பெரும்பாலும் இந்த நல்ல வகைகளில் ஒன்றாகத்தான் இருக்கும். புதிதாக இருந்தபோது 3000 லூமென் கொடுத்தது, பல்பு பாதி தேய்ந்த பிறகும் ஆயிரத்துச் சொச்சம் கொடுக்கும். புத்வார் பேட்டில் தப்கீர் கல்லியில் விசாரித்தால் வழி காட்டுவார்கள். பலருக்கு இதில் ஒரு தயக்கம், அதன் படம் சதுரமாக இருக்கிறதே என்று. நாலுக்கு மூன்று என்ற அளவு. அட, நம் பழைய படங்களே அந்த அளவுதானே! தமிழில் முதல் சினிமாஸ்கோப் 1973-ல் வந்த 'ராஜராஜ சோழன்'. அதற்கு முந்தைய 'பாசமலர்' போன்ற படங்களை இந்த மெஷினில் போட்டால் சுவர் நிறைய வரும், தலையும் காலும் வெட்டுப்படாது. அகலத் திரை டி.வி.யில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டையோடு பார்த்து அலுத்தவர்களுக்கு இது தெரியும். புதுப் படத்துக்கு மேலும் கீழும் பட்டை வரும், இருட்டில் அது உறுத்தாது.

வாங்குமுன் மெனுவில் பல்பு எத்தனை மணி ஓடியிருக்கிறது என்று பாருங்கள். பிறகு அந்த மாடலுக்கு ஒரிஜினல் பல்பு என்ன விலை, கிடைக்கிறதா என்று வெளியே விசாரியுங்கள். சில மாடலுக்கு மெஷின் விலையும் பல்பு விலையும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வெறும் வெள்ளைப் படம் போட்டுப் பார்த்தால், எல்.சி.டி. வகையில் ஒரு மூலை மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் உள்ளே போலரைசர் தேய்ந்துவிட்டது. கறுப்புப் படம் போட்டால் டி.எல்.பி. வகையில் நட்சத்திரம் மாதிரி வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் கண்ணாடிகள் மாட்டிக்கொண்டுவிட்டன, அந்தப் புள்ளிகள் நாளுக்கு நாள் பெருகும். இரண்டு நிலையிலும் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

பல்பு வைத்த மெஷினுக்கு மின்தடை எமன். உள்ளே நெருப்பாய்ச் சுட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் மின்விசிறியும் நின்றுவிடும், சூடு அப்படியே பல்பில் இறங்கும். எங்கள் பக்கம் மழைக்காலத்தில் காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே கரண்ட் கண்ணைச் சிமிட்டும். ஆகவே கம்ப்யூட்டருக்கு வைக்கிற யூ.பி.எஸ். ஒன்றில் மாட்டுங்கள். மெஷின் இழுக்கும் வாட்டைத் தாங்குமா என்று பார்த்து வாங்குங்கள். பல்பு ஆறும்வரை இரண்டு நிமிடம் ஓடினால் போதும்.

மாட்டுகிற விஷயத்துக்கு வருகிறேன். மெஷினின் புத்தகத்தில் த்ரோ ரேஷியோ என்று ஓர் எண் இருக்கும். படத்தின் அகலத்தை அதால் பெருக்கினால் தூரம் வரும். நூறு இஞ்ச் அகலப் படத்தின் அகலம் ஏழேகால் அடி. ரேஷியோ 1.2 என்றால் எட்டே முக்கால் அடியில் வைக்க வேண்டும், 1.5 என்றால் பதினொன்று. நம் ஹால்கள் பத்துக்குப் பதினைந்து. நீளவாட்டில் சரியாக வரும், அகலவாட்டில் சோபாவுக்கே இடமில்லை. இதை டேப் பிடித்து அளந்துவிட்டுக் கடைக்குப் போகிறவர் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை.

அப்புறம் சீலிங் ஃபேன். வெளிநாட்டுப் புத்தகங்களில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. பின்சுவரில் உயரமாகப் பலகை அடித்து மெஷினை வைத்தால், ஒளி நேரே ஃபேன் இறக்கைகளுக்கு நடுவே போகும். படம் முழுக்க மின்னல் வெட்டும். மெஷினைக் கூரையில் ஃபேனுக்கு முன்பக்கம் தொங்கவிடுங்கள், அல்லது இடுப்புயர ஸ்டூலில் வையுங்கள். நான் ஸ்டூல் கட்சி. கூரையில் துளை போட ஆள் கூலி, பிறகு ஒயர் நீளம், ஃபேன் ஆட்டம் கான்கிரீட் வழியாக வந்து படம் நடுங்குவது என்று ஒன்றின்மேல் ஒன்றாக வரும். எங்கே வைத்தாலும் திரைக்கு நேராக, மட்டமாக வையுங்கள். கோணலாக வைத்துவிட்டு 'கீஸ்டோன்' பட்டனை அழுத்தி நேராக்கினால் படம் சதுரமாகும், ஆனால் புள்ளிகள் வீணாகித் தெளிவு குறையும். ஏற்கெனவே கம்மி புள்ளி உள்ள மெஷினில் இது தாங்காது.

திரைக்காகப் பணம் செலவழிக்க வேண்டாம், முதல் வருடமாவது. சுவரைப் புட்டி வைத்து நன்றாகத் தேய்த்து, பளபளப்பில்லாத வெள்ளை பெயிண்ட் இரண்டு கோட் அடித்து, சுற்றி நாலு விரல் அகலத்துக்குக் கறுப்புப் பட்டை வரைந்துவிடுங்கள். அந்தக் கறுப்புச் சட்டத்தால் படம் திடீரென்று எடுப்பாகத் தெரியும். வாடகை வீட்டில் சொந்தக்காரர் சம்மதிக்க மாட்டார் என்றால் வெள்ளை ரெக்ஸினைச் சட்டம் கட்டி மாட்டலாம், மங்கலான பக்கம் வெளியே இருக்கும்படி.

சத்தம். இதில்தான் தமிழ்க் குடும்பங்கள் கஞ்சத்தனம் பண்ணக் கூடாது என்கிறேன். மெஷினுக்குள் இருக்கும் ஸ்பீக்கர் இரண்டு மூன்று வாட், அதுவும் நம் முதுகுக்குப் பின்னால். கதாபாத்திரம் முன்னால் நின்று வாயசைக்க, குரல் பின்னாலிருந்து, மின்விசிறி இரைச்சலோடு கலந்து வரும். காது மந்தமான பெரியவருக்கும், தமிழைக் காதால் மட்டுமே பிடிக்கிற குழந்தைக்கும் வசனம் தெளிவாகக் கேட்க வேண்டும். பரணில் பழைய டேப் ரிக்கார்டர் செட்டோ ஆம்ப்ளிஃபயரோ இருந்தால் இறக்குங்கள். இரண்டு ஸ்பீக்கரையும் திரைக்குக் கீழே, காது உயரத்தில் வையுங்கள். ஒயரில் இணையுங்கள். ப்ளூடூத்தில் சத்தம் ஒரு கணம் பிந்தி வரும், உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம். பழைய செட் இல்லாவிட்டால் நாலாயிரம் ஐயாயிரத்தில் ஒரு சவுண்ட் பார் போதும். கனத்த குண்டுச் சத்தத்தைக் குறைத்து, நடு ஸ்தாயியைக் கொஞ்சம் ஏற்றுங்கள்.

படம் எங்கிருந்து வரும் என்பதையும் முன்பே யோசிக்க வேண்டும். விலை மலிந்த மெஷின்களில் "ஆண்ட்ராய்டு உள்ளேயே இருக்கிறது" என்பார்கள். பிரபல ஓ.டி.டி. செயலிகள் சில, அனுமதி பெறாத கருவியில் திறக்கவே மாட்டா, திறந்தாலும் மங்கலாகத்தான் காட்டும். டி.வி.யில் சொருகுகிற ஸ்டிக் ஒன்றை எச்.டி.எம்.ஐ. துளையில் செருகுவதுதான் நிம்மதி. மெஷின் வயதாகிப் போனாலும் ஸ்டிக்கை வேறொன்றில் மாட்டிக்கொள்ளலாம்.

எங்கள் கடக்வாஸ்லா மாதிரி ஏரிக்கரையில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை துணி காயாது, லென்ஸில் பூஞ்சை பூக்கும். மெஷினைப் பிளாஸ்டிக் பையில் கட்டி அலமாரியில் வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஈரம் உள்ளேயே இருக்கும். வாரத்துக்கு ஒரு நாள் அரை மணி ஓடவிட்டால் அதன் சூடே அதைக் காய வைக்கும். மழை விட்டதும் தூசி ஆரம்பிக்கும், அப்போது மாதம் ஒருமுறை காற்று வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

கடைசியாக நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். விழா நாட்களுக்கு உதவும் என்று ஒன்றரை லட்சத்தில் பெரிய புரொஜெக்டர் வாங்கும் யோசனை கமிட்டியில் இருப்பதாகக் கேள்விப்படுகிறேன். நான் இதற்கு ஆட்சேபிக்கிறேன். நாம் விழா நடத்தும் மண்டபத்தில் இரண்டு பக்கமும் ஜன்னல், பகல் நேரம், எந்த மெஷினும் தோற்கும். வருடத்தில் மூன்று நாளுக்கு வாடகைக்கு எடுத்தால் போதும். சங்கத்தில் சினிமா போடலாமே என்பவர்களுக்கு: ஓ.டி.டி. சந்தா வீட்டுக்குள் பார்க்கத்தான். மண்டபத்தில் போட்டால், டிக்கெட் இல்லாவிட்டாலும், படத்தின் உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும்.

அதற்குப் பதிலாகச் சங்கம் ஒரு நல்ல லக்ஸ் மீட்டர் வாங்கட்டும். இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடியும். அதோடு வெளிச்சம் புகாத துணியில் இரண்டு திரை தைத்து வைத்துக்கொண்டு, புரொஜெக்டர் வாங்கும் அன்பர்களுக்கு ஒரு வாரம் இரவல் கொடுக்கட்டும். திரையைக் கட்டிப் பார்த்தால் தம் ஹால் இருட்டாகுமா என்று தெரிந்துவிடும். மெஷின் வந்த அன்று இரவே ஒன்பது இடத்தில் அளந்து சராசரியைச் சதுர மீட்டரால் பெருக்கினால் டப்பாவில் போட்டது நிஜமா பொய்யா என்று தெரிந்துவிடும். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் தெரிய வேண்டும், அதுதான் முக்கியம். எந்த மாடல் எத்தனை லூமென் அளந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் அடுத்தவருக்கு உபயோகப்படும். போன் செயலிகளில் அளப்பதை நம்ப வேண்டாம், போனுக்குப் போன் எண் மாறுகிறது.

சங்கம் வாங்கும் வரை என்னுடைய மீட்டரை வந்து எடுத்துப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள், அதற்குமேல் எங்கள் ரோட்டில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. 9 வோல்ட் பாட்டரி ஒன்று கையோடு கொண்டுவரவும்.